படுவான்கரை நெல்லும் மனையெலியும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. படுவான்கரையில் விளைந்த நெல் வண்டியிலும் வள்ளத்திலும் ஏறி எழுவான்கரை வீடுகளை அடைந்தது. நெல் சென்ற இடமெல்லாம், அழைப்பின்றியே அதனைத் தொடர்ந்து மற்றோர் உயிரும் சென்றது. அதுவே எலி.

போர்த்துக்கேயர் 1628-ஆம் ஆண்டு புளியந்தீவிலே கோட்டை கட்டியதையும், ஒல்லாந்தர் 1638-இல் அதனைக் கைப்பற்றியதையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வீட்டிலும் நெல்லுக்காக நிகழ்ந்துவந்த போரை எந்த நூலும் விரிவாக உரைப்பதில்லை. கோட்டைகளைக் காத்தோர் பலமுறை மாறினர்; நெல்லைக் காத்தோர் மாறவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களும் முதியோரும் ஆவர். அவர்கள் கையாண்ட முறைகள் யாவை, அவை எவ்வாறு மாறின, அம்மாற்றத்தால் நேர்ந்த நன்மையும் தீமையும் யாவை என்பவற்றை எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

முதலிற் பகைவன் யார் எனத் தெளிதல் வேண்டும். எலி என்ற ஒரு சொல்லால் நாம் பல உயிர்களைக் குறிக்கின்றோம். அலுமாரியின் பின்னும் பெட்டியினுள்ளும் கூடு கட்டும் சிறியது சுண்டெலி. கூரை வளையிலும் தென்னையின் வட்டிலும் ஏறித் திரியும் நீண்ட வாலுடையது வீட்டெலி. வரம்பிலே வளை தோண்டிக் கதிர்களைச் சேமிப்பது வயலெலி. பன்றிபோல் உறுமி மண்ணைக் கிளறுவது பெருச்சாளி. இதன் தெலுங்குப் பெயர் 'பன்றியெலி' எனப் பொருள்படும்; அப்பெயரே ஆங்கிலத்திற் புகுந்து, பின்னர் விலங்கியல் நூலாரின் இலத்தீன் பெயருக்கும் மூலமாயிற்று. மூஞ்சூறோ எலியினத்தைச் சேர்ந்ததே அன்று. கூர்மூக்குடைய அவ்வுயிர் கரப்பானையும் பிற பூச்சிகளையும் தின்று வாழ்வது. பிள்ளையாரின் வாகனமென மக்கள் அதனைப் பெரும்பாலும் கொல்லாது விட்டமை, வீட்டிற்கு நன்மையாகவே முடிந்தது.

மனிதன் உழவைக் கற்கும் முன்னரே சுண்டெலி அவனுடன் குடியேறிவிட்டது. மேற்காசியாவில் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழத் தொடங்கிய குடியிருப்புகளிலேயே அதன் எலும்புகள் கிடைத்துள்ளன. வீட்டெலியின் தாயகம் இந்தியாவும் அதனை அடுத்த நாடுகளும் ஆகும் என ஆய்வாளர் கருதுவர். அங்கிருந்து மிளகும் அரிசியும் ஏற்றிய கலங்களில் அதுவும் ஏறி, உரோமாபுரி வரை சென்றது. ஆகவே படுவான்கரைக் கூரையில் இரவில் ஓடும் எலி, உலகத்தைச் சுற்றிய ஒரு பெருங்குடும்பத்தின் உறவினன் எனலாம்.

தமிழர் எலியை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சங்க நூல்கள் சான்றாகும். புறநானூற்றின் 190-ஆம் பாடலைப் பாடிய சோழன் நல்லுருத்திரன், பிறருக்கு ஈயாது பொருளைச் சேர்த்து வைப்போருக்கு, விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளையில் நிறைக்கும் எலியை உவமையாக்கி, அத்தகையோர் நட்பு வேண்டா என்கின்றான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையோ, ஏணியும் எட்டாத உயரமுடையனவாய், உச்சியைத் திறந்து நெல்லைச் சொரியும்படி அமைந்த பழைய நெற்கூடுகளைக் கூறுகின்றது. இதில் ஒரு நுட்பம் உளது. நெற்கூட்டின் வாயில் அடியிலன்றி உச்சியிலே அமைந்தது. நிலத்தில் ஓடும் எலிக்கு எதிரே நின்றது வழுக்கும் நெடுஞ்சுவர் மட்டுமே. கொல்வதற்கு முன் தடுப்பது என்னும் அறிவை அவ்வமைப்பிலேயே காணலாம்.

அவ்வறிவே ஈழத்து நெற்களஞ்சியங்களிலும் தொடர்ந்தது. கம்புகளையும் வரிச்சுகளையும் பெருங்கூடைபோல் முடைந்து, உள்ளும் புறமும் களிமண்ணும் சாணமும் பூசி, கல்லின்மீதோ மரக்கால்களின்மீதோ உயர்த்தி, மேலே கூரை கவித்து அமைத்த கொம்பறை இதற்கு எடுத்துக்காட்டு. பெருநிலம் உடைய போடியார் வீட்டில் நெல்லை வைக்கத் தனி இடமே இருந்தது. சிங்களக் கிராமங்களில் இதே நோக்குடன் எழுந்தவை 'அட்டுவ', 'பிஸ்ஸ' என்பன. தமிழகத்தின் தென்பகுதி உழவர் விதைநெல்லை வைக்கோற் புரியால் இறுகச் சுற்றி, மண்ணும் சாணமும் மெழுகிக் கோட்டையாகக் கட்டினர்.

பிற நாட்டாரும் இதனையே கண்டனர். யப்பானில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெற்களஞ்சியங்கள் உயர்ந்த தூண்களின்மேல் நின்றன; ஒவ்வொரு தூணின் தலையிலும் அகன்ற பலகையொன்று பொருத்தப்பட்டது. தூணில் ஏறிவரும் எலி அப்பலகையைத் தாண்ட இயலாது திரும்பிவிடும். 'எலியைத் திருப்புவது' என்பதே அப்பலகையின் பெயர். இங்கிலாந்தில் உழவர் களஞ்சியத்தின் அடியிற் காளான் வடிவான கற்களை நிறுத்தினர். கண்ட நாடு வேறு, கருத்து ஒன்றே. நிலத்தினின்று உயர்த்து, ஏறும் வழியை அடை என்பதே அது.

களஞ்சியத்திற்கு வெளியேயும் காவல் இருந்தது. சமைத்த உணவு உறியிலே தொங்கியது. அரிசியும் பருப்பும் மூடியிட்ட மட்பானைகளில் இருந்தன. குசினித் தரை நாள்தோறும் கூட்டப்பட்டு, சாணத்தால் மெழுகப்பட்டது. மெழுகுபவள் கைக்குப் புதிய துளை ஒவ்வொன்றும் உடனே தென்படும். அன்றே அது மண்ணால் அடைக்கப்படும். வீட்டுப் பூனை அடுப்பங்கரையில் உறங்கியது. தோட்டத்திற் சாரைப்பாம்பு திரிந்தது. முற்றத்து மரத்தில் ஆந்தை இருந்தது. எலிப்பகையின் கடல் போன்ற ஆரவாரமும் நாகத்தின் ஒரு மூச்சில் அழியும் என்று வள்ளுவர் படைமாட்சியிலே உவமை கூறியது, இக்காட்சியை நாள்தோறும் கண்ட மக்களுக்காகவே ஆகும். ஆயினும் ஆந்தையின் குரலைத் தீய நிமித்தமெனக் கொண்டு அதனைக் கல்லெறிந்து விரட்டியதும், நஞ்சற்ற சாரையைக் கண்டவிடத்து அடித்துக் கொன்றதும் நம்மவர் வழக்கத்தில் இருந்த குறைகளாம். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டிக்கூடு அமைத்து வரவேற்கின்றனர் என்பதை இங்கு நினைத்தல் தகும்.

வீட்டெலியை மட்டும் தடுத்தாற் போதாது. வயலெலியையும் அடக்குதல் வேண்டும். மட்டக்களப்பிலே ஒரே நீர்ப்பாய்ச்சலுக்கு உட்பட்ட வயற்பரப்பை வட்டை என்பர். அதன் நீரையும் வேலியையும் விதைப்புக் காலத்தையும் மேற்பார்வை செய்தவர் வட்டை விதானை. எல்லோரும் கூடி முடிவு செய்த நாள்களுக்குள் வட்டை முழுதும் விதைக்கப்பட்டது. ஆகவே ஒரே காலத்தில் அறுவடையும் முடிந்தது. இவ்வொழுங்கு நீருக்காக ஏற்பட்டதாயினும், எலிக்கும் தடையாயிற்று. வயலெலி பெருகுவது கதிர் முற்றும் பருவத்திலேயே. வட்டை முழுதும் ஒருங்கே முற்றி ஒருங்கே அறுக்கப்படின் அதன் விருந்துக்காலம் குறுகும். ஒருவன் வயல் இன்றும், அடுத்தவன் வயல் ஒரு திங்கள் கழித்தும் முற்றுமாயின், எலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று இடையறாது குட்டியீனும். ஆசிய நெல்வயல்களில் எலியை ஆராய்ந்தோர் இன்று வற்புறுத்தும் முதல் விதி இதுவே. 1958-ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைப் பதவிக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. பதவியின் உருவம் மாறினும், ஒருங்கே விதைக்கும் ஒழுங்கின் தேவை மாறவில்லை.

எலி ஒரு வீட்டின் கவலையாக இருந்த நிலை நீங்கி, அரசாங்கத்தின் கவலையான காலமும் வந்தது. 1894-இல் ஹொங்கொங்கில் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் பரவியபோது, அலெக்சாந்தர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டறிந்தார். 1896-இல் அந்நோய் பம்பாயை அடைந்தது. பின்வந்த ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1898-இல் போல் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோய்கொண்ட எலியின் உடலை விட்டு நீங்கும் தெள்ளே அதனை மனிதனுக்குக் கொணர்கிறது என்று கராச்சியிற் சோதனையால் காட்டினார். 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நோய் கொழும்பிலும் தோன்றியது.

அரிசி மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்ட கொழும்புக் கிட்டங்கிகளின் சுற்றுப்புறமே அங்கு நோயின் உறைவிடமாயிற்று. நாட்டுப்புறத்தில் நெல்லும் உண்டு, எலியும் உண்டு. ஆயினும் அந்நோய் ஏன் பெரும்பாலும் கொழும்பை விட்டு அகலவில்லை? இவ்வினாவை ஆராய்ந்தவர் கொழும்பு மாநகரின் நுண்ணுயிரியலாளராய் விளங்கிய பேபியன் ஹேர்ஸ்ற். எலியின்மேல் வாழும் தெள்ளில் பல வகை உண்டு. அவற்றுள் ஒன்று நோயை விரைந்து பரப்பும், மற்றொன்று அதிற் பெரிதும் வலிகுன்றியது. தீய வகை தானியக் கிட்டங்கிகளிலே செழிக்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. நெல்லை எங்கு, எவ்வாறு குவிக்கின்றோம் என்பதே மனிதரின் உயிரையும் முடிவு செய்யும் என்பது இதனாற் புலனாயிற்று. தம் வாழ்நாள் ஆய்வை அவர் 1953-ஆம் ஆண்டு ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

இதற்கிடையில் மட்டக்களப்பின் வாழ்க்கையும் மாறியது. 1924-இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 1928-இல் புகையிரதம் வந்தது. 1948 முதல் உறுதிவிலைத் திட்டத்தின்கீழ் அரசாங்கம் நெல்லைக் கொள்வனவு செய்தது; 1971-இல் நெற் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. ஆண்டு முழுவதற்குமான நெல் வீட்டிலேயே தங்கிய காலம் போய், அறுவடையான உடனே அது சாக்கில் ஏறி வெளியே செல்லும் காலம் வந்தது. எஞ்சிய சில மூட்டைகளுக்காகக் கொம்பறை கட்டுவார் இலராயினர். மூட்டைகள் விறாந்தை மூலையிலும் படுக்கையறையிலும் சுவரோடு சாத்தி அடுக்கப்பட்டன. சாக்கு எலிக்குச் சுவரன்று, கதவு. அதனைக் கடித்தால் உணவும் கிடைக்கும், கூடு கட்ட நாரும் கிடைக்கும். அடுக்கிய மூட்டைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இருளே அதற்குச் சிறந்த மனையுமாயிற்று.

இதனால் நேரும் இழப்பு எவ்வளவு என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். வளர்ந்த வீட்டெலி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிராம் தானியம் உண்ணும். ஆண்டுக்கு அது 7 கிலோவுக்கு மேலாகும். ஆறு எலிகள் ஓராண்டில் உண்பது 40 கிலோவைத் தாண்டும். இலங்கை வழக்கில் ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. ஓர் ஏக்கருக்கு விதைப்பது இரண்டு புசல் அளவு. ஆகவே கூரையில் வாழும் ஆறு எலிகள், ஓர் ஏக்கர் வயலின் விதைநெல்லை உண்டு தீர்க்கின்றன. எச்சத்தாலும் சிறுநீராலும் அவை கெடுப்பது இதனினும் மிகுதி. மூன்று வாரத்திற் குட்டியீன்று, அக்குட்டிகளும் மூன்று திங்களுக்குள் குட்டியீனும் இனத்தில், ஆறு என்னும் எண் நெடுநாள் ஆறாகவே நில்லாது.

காவல் தளர்ந்த வீட்டார் பொறியையும் நஞ்சையும் நாடினர். மரப்பலகையிற் கம்பிச்சுருளைப் பொருத்திய எலிப்பொறிக்கு 1894-இல் அமெரிக்கரான வில்லியம் ஹூக்கர் காப்புரிமை பெற்றார்; அதன் வழிவந்த வடிவமே இன்றும் கடைகளில் விற்கப்படுகின்றது. நஞ்சுகளுள் நாக பொசுபைட்டு விரைந்து கொல்வது. ஆனால் சிறிது தின்று பிழைத்த எலி அவ்வுணவை மீண்டும் தொடாது. புதிய பொருள் எதனையும் ஐயுற்றுச் சில நாள் விலகி நிற்பது வீட்டெலியின் இயல்பு. இதனை வெல்லவே, மெல்லக் கொல்லும் வார்பரின் என்னும் மருந்து 1948-இல் வழக்கிற்கு வந்தது. கெட்டுப்போன தீவனத்தை உண்ட மாடுகள் குருதி உறையாது இறந்ததன் காரணத்தை, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்க் ஆராய்ந்ததன் பயன் அது. ஆனால் பத்தே ஆண்டுகளில், 1958-ஆம் ஆண்டளவில், அம்மருந்துக்கு அஞ்சாத எலிகள் ஸ்கொட்லாந்திலே தோன்றிவிட்டன.

நஞ்சின் தீமை அத்துடன் நிற்பதில்லை. நஞ்சுண்டு தள்ளாடும் எலியைத் தின்ற பூனையும் ஆந்தையும் நஞ்சேறி இறக்கக்கூடும். இறந்த எலி கூரையினுள் அழுகி நாறும். மஞ்சட் பொசுபரசு கலந்த எலிப்பசையோ ஈரலை அழிப்பது. அதற்கு மாற்று மருந்து இல்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டில், எலிக்கு வைத்தது எலியை மட்டும் தேடிச் செல்லும் என எவரும் உறுதி கூற இயலாது. வேறு வழியின்றி நஞ்சு வைப்போர், குழந்தையும் வளர்ப்புயிரும் எட்டாத பூட்டிய பெட்டியினுள் வைத்து, எஞ்சியதை விடிந்ததும் புதைத்துவிடல் வேண்டும்.

விதைநெல்லின் இழப்பினும் பெரிய இழப்பொன்று உண்டு. எலியின் சிறுநீர் வழியே வெளிப்படும் நுண்கிருமி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலுட் புகும். அதனால் வருவதே எலிக்காய்ச்சல். 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் அடொல்ப் வைல் இந்நோயின் குறிகளை விவரித்தார். அதன் கிருமியை யப்பானிய ஆய்வாளர் இனாடாவும் இடோவும் முதல் உலகப்போர்க் காலத்திற் கண்டனர். இலங்கையில் 2008-ஆம் ஆண்டு 7,000-க்கும் மேற்பட்டோர் இந்நோய் கண்டவராகக் கருதப்பட்டனர். ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலும் ஈரவலய மாவட்டங்களின் நோயென இது எண்ணப்பட்டுவந்தது. 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வடகீழ்ப் பருவமழை மட்டக்களப்பு உட்பட உலர்வலயத்தைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியபின், அனுராதபுரத்திலும் அது பரவியது. வெள்ளம் வரம்பிலுள்ள வளைகளை நிரப்பும்போது வயலெலி மேட்டுநிலத்து வீடுகளையே நாடும். அதனை உணவாக்கும் நாகமும் விரியனும் அதன் பின்னே வரும். ஆதலின் வாவிக்கரை மக்களுக்கு இது அயலார் செய்தியன்று.

வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவோர் காயங்களை மூடிக்கொள்ளுதல் வேண்டும். விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகித் தடுப்பு மருந்து பற்றி அறிதல் நன்று. காய்ச்சலுடன் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் தோன்றினாலும், சிறுநீர் குறைந்தாலும், கைமருந்திற் காலங்கழியாது உடனே வைத்தியசாலைக்குச் சென்று, வயலில் நின்ற செய்தியையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். தொடக்கத்திலே மருந்து கிடைப்பின் இந்நோய் பெரும்பாலும் தீர்வதே. அறையிற் கிடக்கும் எலிப்புழுக்கையை உலர்ந்தவாறே பெருக்காது, குளோரின் கலந்த நீரால் நனைத்துத் துடைத்தெடுத்தல் முறை.

இனி வீட்டைக் காப்பதற்குப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஏதுமில்லை. பழைய அறிவைப் புதிய பொருள்களால் நிறைவேற்றினாற் போதும். சுண்டெலி 6 மில்லிமீற்றர் இடைவெளியிலும் நுழையும். ஆதலின் கதவின் அடியிலும் குழாய் புகும் இடத்திலும் உள்ள துளைகளைக் கம்பிவலையும் சீமெந்தும் கொண்டு அடைத்தல் வேண்டும். கொம்பறைக்குப் பதில் மூடியுள்ள தகரப் பீப்பாய் விதைநெல்லைக் காக்கும். மூட்டைகளை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்த பலகையின்மீது, சுவரினின்று ஓரடி விலக்கி அடுக்குதல் வேண்டும். கூரையைத் தொடும் கிளையை வெட்டுதலும், தென்னையின் தண்டில் தகரப்பட்டை சுற்றுதலும் ஏறும் வழியை அடைக்கும். இவ்வளவும் செய்தபின், எஞ்சிய ஒன்றிரண்டைப் பொறியாற் பிடிக்கலாம். எலி சுவரோரமாகவே ஓடும் இயல்பினது. ஆகவே பொறியைச் சுவரை ஒட்டியே வைத்தல் வேண்டும். வீட்டெலிக்குச் சில நாள் விசையேற்றாது இரை மட்டும் வைத்துப் பழக்கி, ஐயம் நீங்கியபின் விசையேற்றுவது அறிந்தோர் முறை.

எலியைக் கொன்று தீர்த்த நாடு எதுவும் உழவர் உலகில் இல்லை. தன் நெல்லை அதற்கு எட்டாது வைத்த வீடுகளே உண்டு. ஏணி எட்டாத நெற்கூட்டைக் கட்டியவரும், நாள்தோறும் தரையை மெழுகித் துளை அடைத்த தாய்மாரும், ஒரே நாளில் விதைப்போம் எனக் கூடி முடிவு செய்த வட்டையாரும் உணர்ந்திருந்தது இதனையே. பெரும்போக அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கென எடுத்துவைக்கும் இரண்டு புசல் நெல், படுவான்கரையின் ஓர் ஏக்கர் வயலுக்கு வரப்போகும் ஆண்டு ஆகும். அதனைச் சாக்கில் விட்டு வைப்பதா, மூடியுள்ள பீப்பாயில் இட்டு வைப்பதா என்பதை அன்று மாலையே முடிவு செய்தல் நன்று.